கை தூக்கியவர்களே களம் புகுந்த நகரங்கள்: வாசகர் கேள்வி பதில்

பண்டைய கிரேக்க நகர அரசுகளின் போர்முறை, அரசியல், குடிவாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழினை எடுத்துக்கொண்டு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சில விடைகள் நீண்டுவிட்டன. சுருக்கினால் உண்மை குறைபட்டுவிடும் என்று தோன்றிய இடங்களில் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: கிரேக்க நகரங்களில் நிலையான படை இல்லை என்றும், உழவர்களும் கைவினைஞர்களுமே போருக்குப் போனார்கள் என்றும் படித்தேன். அப்படியானால் பாரசீகப் பேரரசின் படையை மராத்தானில் அவர்கள் எப்படி வென்றார்கள்?

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. ஸ்பார்ட்டாவைத் தவிர்த்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் ஊதியம் பெற்றுப் போருக்கென்றே காத்திருக்கும் சேனை அந்நகரங்களில் பொதுவாகக் கிடையாது. ஓரளவு நிலமும் வசதியும் உடைய குடிமகன் தன் சொந்தச் செலவில் வெண்கலத் தலைக்கவசம், மார்புக்கவசம், ஈட்டி, பெரிய வட்டக் கேடயம் ஆகியவற்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பார். அழைப்பு வந்ததும் மூன்று நாள் உணவைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். இத்தகைய காலாள் வீரரை ஹாப்ளைட் என்றார்கள்.

அந்தக் கேடயத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் விட்டமும் 7 கிலோ எடையும் கொண்ட அதை இடக்கையில் மாட்டிக்கொண்டால், பாதி தன்னையும் மீதிப் பாதி தன் இடப்பக்கம் நிற்பவரின் வலப்புறத்தையும் மறைக்கும். எனவே வரிசையில் ஒருவர் ஓடினால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து. அந்த அடுத்தவரோ முன்பின் அறியாதவர் அல்லர். தம் ஊர்க்காரராகவும் தம் குழுவைச் சேர்ந்தவராகவும் இருப்பார். வரிசை முன்னேறும்போது ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்தவரின் கேடயத்தை ஒட்டி ஒதுங்குவதால் முழு அணியும் மெல்ல வலப்புறம் சாயும் என்று, கி.மு. 418இல் நடந்த மாந்தினேயாப் போரை விவரிக்கும்போது வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் குறிப்பிடுகிறார். தாமே படைத்தலைவராக இருந்தவர் சொல்லும் நுட்பம் அது.

கி.மு. 490இல் மராத்தானில் ஏதென்ஸின் படைத்தலைவர் பத்துப் பேரும், உடனே போரிடலாமா வேண்டாமா என்பதில் ஐந்துக்கு ஐந்து என்று பிரிந்து நின்றார்கள். போர்த்தலைமை அதிகாரியான கல்லிமாக்கஸ் போரிடலாம் என்று வாக்களித்தார்; அதே போரில் உயிரையும் விட்டார். ஏதென்ஸ் தரப்பில் 192 பேரும் பாரசீகர் தரப்பில் 6,400 பேரும் இறந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த 192 பேரையும் களத்திலேயே புதைத்து எழுப்பிய மண்மேடு இன்றும் அங்கே நிற்கிறது.

மராத்தான் ஒரு விதிவிலக்கு. மற்றப் போர்களில் இறந்தவர்களின் எலும்புகளை நகருக்குக் கொண்டுவந்து, குடிமக்களின் பத்துக் குழுக்களுக்கும் ஒவ்வொன்றாகப் பத்துப் பேழைகளில் வைத்துப் பொதுச்செலவில் அடக்கம் செய்வது ஏதென்ஸின் வழக்கம். உடல் கிடைக்காதவர்களுக்காக வெறுமையான பாடை ஒன்றும் ஊர்வலத்தில் உடன் செல்லும். கி.மு. 460ஐ ஒட்டிய ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, ஒரே குழுவினர் ஒரே ஆண்டில் சைப்ரஸ், எகிப்து, ஃபினீசியா, ஹாலியெய்ஸ், ஈஜினா, மெகாரா ஆகிய இடங்களில் இறந்ததைப் பெயர்ப்பட்டியலோடு சொல்கிறது. இந்தப் போர்களுக்கெல்லாம், குடிமக்கள் கூடி வாக்களிக்கும் மக்கள்மன்றம்தான் ஒப்புதல் தந்தது. அங்கே கை தூக்கியவர்களின் பெயர்களும் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களும்தான் அக்கல்லில் இருக்கின்றன. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற விடைகளையும் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: ஏதென்ஸில் மக்களாட்சி வலுப்பெற்றதற்குக் கடற்படைதான் காரணம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். கப்பலுக்கும் வாக்குரிமைக்கும் என்ன தொடர்பு?

பதில்: கடற்படை மட்டுமே காரணம் என்பது மிகை. கி.மு. 508–507இல் ஏதென்ஸ் தலைவர் கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தம்தான் அடித்தளம். பழைய குலப் பிரிவுகளை ஒதுக்கிவிட்டு, கடற்கரை, உள்நாடு, நகரப்பகுதி மூன்றையும் கலந்து பத்துப் புதிய குழுக்களை அவர் அமைத்தார். ஆயினும் கடற்படை அந்த அடித்தளத்தின்மேல் எழுப்பிய கட்டடத்தைப் பெரிதாக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கி.மு. 483–482இல் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாவ்ரியோன் சுரங்கத்தில் வெள்ளி பெருமளவில் கிடைத்தது. அதைக் குடிமக்களுக்குத் தலைக்குப் பத்து டிராக்மா (வெள்ளி நாணயம்) வீதம் பிரித்துக்கொடுக்கலாம் என்பதே முதலில் எழுந்த எண்ணம். அரசியல் தலைவரான தெமிஸ்டோக்ளீஸ் எழுந்து, அந்த வெள்ளியைக் கொண்டு கப்பல் கட்டுவோம் என்றார். அப்போது பகையாக இருந்த அண்டைத் தீவான ஈஜினாவைக் காரணம் காட்டித்தான் அவர் மன்றத்தை இணங்கவைத்தார். கைக்கு எட்டிய பணத்தை வேண்டாம் என்று அந்த மன்றம் முடிவெடுத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில், கி.மு. 480இல், சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கப்பற்படையை முறியடித்தவை அந்தக் கப்பல்களே.

ட்ரைரீம் என்னும் அந்தப் போர்க்கப்பலில் மூன்று அடுக்குகளாக 170 பேர் துடுப்பு வலிப்பார்கள். மாலுமிகளும் வீரர்களும் சேர்ந்தால் கப்பலுக்கு 200 பேர். நூறு கப்பல் என்றால் இருபதாயிரம் பேர் வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்கள் இங்கேதான் நகரத்துக்கு இன்றியமையாதவர்கள் ஆனார்கள். அதுவரை, கவசம் உள்ளவரே நகரத்தைக் காப்பவர். ஆகவே அவர் சொல்லுக்கே மதிப்பு. இப்போதோ, துடுப்பு வலிப்பவர் இல்லாவிட்டால் நகரமே இல்லை. கப்பலை ஓட்டுகிறவர்களே நகரத்துக்கு வலிமை தருகிறார்கள், ஆதலால் அவர்களுக்குப் பதவியிலும் பேச்சிலும் பங்கு இருப்பது நியாயம்தான் என்று, மக்களாட்சியை வெறுத்த அக்காலத்து எழுத்தாளர் ஒருவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செல்வர்களும் தப்ப முடியவில்லை. ஓராண்டுக்கு ஒரு கப்பலைப் பேணும் செலவு ஒரு செல்வரின் தலையில் விழும். “என்னைவிட அவர் பணக்காரர், அவரிடம் கேளுங்கள்” என்று ஒருவர் முறையிடலாம். அப்படிச் சுட்டப்பட்டவர் அந்தச் செலவை ஏற்க வேண்டும். மறுத்தால், முறையிட்டவரோடு தம் சொத்து முழுவதையும் மாற்றிக்கொள்ளும்படி கேட்கப்படுவார். வரி ஏய்ப்புக்கு இவ்வளவு நேரான மருந்தை வேறெங்கும் நான் படித்ததில்லை.

கேள்வி: பதவிகளையெல்லாம் திருவுளச்சீட்டுப் போட்டு நிரப்பினார்களாமே! படைத்தலைவரையும் அப்படியா தேர்ந்தெடுத்தார்கள்? தகுதியில்லாதவர் வந்துவிட்டால் நகரத்தின் கதி என்ன?

பதில்: இல்லை, அந்த எல்லையை ஏதென்ஸ் மக்கள் தெளிவாகவே வகுத்திருந்தார்கள். ஐந்நூற்றுவர் ஆட்சிக்குழு, ஆண்டுதோறும் அமர்த்தப்படும் 6,000 நடுவர்கள், சந்தைக் கண்காணிப்பாளர் போன்ற பெரும்பாலான பொறுப்புகள் சீட்டால் நிரம்பின. ஆட்சிக்குழுவின் அன்றாடத் தலைவரும் சீட்டால் வருபவர்தான். ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும் அரசு முத்திரையும் கருவூலத் திறவுகோலும் அவர் கையில் இருக்கும், மறுநாள் வேறொருவர். ஆனால் பத்துப் படைத்தலைவர்களை மட்டும் ஆண்டுதோறும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். மற்றப் பதவிகளுக்கு இருந்த கால வரம்பும் இவர்களுக்கு இல்லை. ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளீஸ் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்பதவிக்குத்தான்.

தேர்ந்தெடுத்த அதே மக்கள் கணக்கும் கேட்டார்கள். கி.மு. 430இல், ஸ்பார்ட்டாவோடு நடந்த போரும் கொள்ளைநோயும் நகரத்தை வாட்டிய வேளையில், பெரிக்ளீஸையே பதவியிலிருந்து இறக்கி அபராதம் விதித்தார்கள்; பிறகு அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்; கி.மு. 429இல் அவர் இறந்தார். ஆம்ஃபிபோலிஸ் நகரைக் காக்கத் தவறியதால் இருபதாண்டு நாடு கடந்து வாழ்ந்த துசிடிடீஸ், அந்தக் காலத்தில் இரு தரப்பாரையும் நெருங்கிக் கவனிக்க வாய்ப்புக் கிடைத்தது என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கணக்குக் கேட்கும் உரிமை வெறியாக மாறிய நாளும் உண்டு. கி.மு. 406இல் அர்கினூசேத் தீவுகளுக்கு அருகே ஸ்பார்ட்டாவின் கப்பற்படைமீது ஏதென்ஸ் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் 25 கப்பல்கள் சேதமாகி, கடலில் தத்தளித்த தம் ஆட்களைப் புயலின் காரணமாக மீட்க முடியாமல் போயிற்று. போரை நடத்திய எட்டுப் படைத்தலைவர்களில் இருவர் ஊர் திரும்பவே இல்லை. திரும்பிய அறுவரையும் தனித்தனியே விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் வந்தது. அது சட்டத்துக்கு முரண் என்றவர்களை, மக்கள் விரும்பியதைச் செய்யவிடாமல் தடுப்பது கொடுமை என்று கூட்டம் கூச்சலிட்டு அடக்கியது. அன்று அவையை நடத்தும் குழுவில் சீட்டால் இடம்பெற்றிருந்த சாக்ரடீஸ் மட்டும் கடைசிவரை உடன்பட மறுத்தார். அறுவரும் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் ஒருவர் பெரிக்ளீஸின் மகன். சில காலத்திலேயே மக்கள் வருந்தி, தங்களை ஏமாற்றியவர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். சீட்டு முறையால் தகுதியற்றவர் வந்துவிடுவாரே என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். ஆனால் அன்று சட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றவர் சீட்டால் வந்தவர் என்பதை எண்ணிப்பாருங்கள்.

கேள்வி: பானை ஓட்டில் பெயர் எழுதி ஒருவரை நாடு கடத்தும் வழக்கம் உண்மையா?

பதில்: உண்மை. அத்தகைய வாக்கெடுப்பை இவ்வாண்டு நடத்தலாமா என்று முதலில் மன்றத்தைக் கேட்பார்கள். ஒப்புதல் கிடைத்தால், குறித்த நாளில் ஆளுக்கொரு ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போட வேண்டும். 6,000 ஓடுகள் சேர்ந்தால் செல்லும். வெளியேற்றப்பட்டவர் பத்து நாளில் புறப்பட்டுப் பத்தாண்டு வெளியே இருக்க வேண்டும். சொத்தும் குடியுரிமையும் பறிபோகா. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸின் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றைப் பதினான்கு பேரே எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. முன்கூட்டியே எழுதி வைத்துப் பிறருக்கு வழங்க எண்ணியிருக்க வேண்டும்.

கேள்வி: தெர்மோப்பிலேயில் 300 ஸ்பார்ட்டா வீரர்கள் காட்டிய துணிவைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஏதென்ஸைவிட ஸ்பார்ட்டாவே சிறந்த நகரம் என்பது என் எண்ணம். தங்கள் கருத்து என்ன?

பதில்: கி.மு. 480இல் பாரசீகப் படையைக் கணவாயில் தடுத்து நின்று மடிந்த அந்த முந்நூற்றுவரின் துணிவை நானும் வணங்குகிறேன். அவர்களோடு கடைசிவரை நின்று மடிந்த தெஸ்பியே நகரத்தார் 700 பேரையும் அதே மூச்சில் நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தெஸ்பியே சிறிய ஊர். 700 பேர் என்பது அந்த ஊருக்குப் பேரிழப்பு.

ஸ்பார்ட்டாவின் அமைப்பில் மதிக்கத்தக்க கூறுகள் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு அரசர்கள். அவர்களைக் கண்காணிக்க ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து எஃபோர்கள். அறுபது வயது கடந்த 28 பேரும் அரசர் இருவரும் அமர்ந்த முதியோர் அவை. அதிகாரம் ஒரே கையில் சேராதபடி கட்டியிருந்தார்கள். ஆண்மக்கள் ஏழு வயதில் பயிற்சிக்குப் போய், வளர்ந்தபின் பொதுப்பந்தியில் உண்டு, வாழ்நாள் முழுவதும் போர்க்கலையையே பயின்றார்கள்.

ஆனால் அவர்களுடைய வயலை உழுதவர் யார்? வென்றடக்கிய மெஸ்ஸீனியாவிலும் லக்கோனியாவிலும் இருந்த ஹெலட் என்னும் அடிமைக் குடியானவர்கள். ஆண்டுதோறும் எஃபோர்கள் பதவியேற்றதும் இந்த ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். அதன்பின் ஒரு ஹெலட்டைக் கொல்வது கொலைப்பாவம் ஆகாது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனீசியப் போர்க் காலத்தில், படையில் சிறந்து பணியாற்றியவர்கள் முன்வரலாம், விடுதலை தருகிறோம் என்று அறிவித்து, முன்வந்தவர்களில் 2,000 பேருக்கு மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றி வரச்செய்து, பிறகு அவர்களைச் சுவடில்லாமல் ஒழித்தார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். சொந்த ஊரின் உழவர்களையே பகைவராக எண்ணிக் காவல் காக்க வேண்டியிருந்த நகரம் வாளைக் கீழே வைக்க முடியாது. ஸ்பார்ட்டாவின் ஒழுங்கு பெரிதும் இந்த அச்சத்திலிருந்தே பிறந்தது என்பது என் துணிபு.

குடியுரிமைக்கு விதித்த நிபந்தனையே அதன் வீழ்ச்சிக்கும் வழி செய்தது. பொதுப்பந்திக்குத் தன் பங்கு தானியத்தைத் தர இயலாத குடிமகன் முழு உரிமையை இழந்தார். நிலம் சிலர் கையில் குவியக் குவியக் குடிமக்கள் குறைந்தார்கள். கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயாப் போருக்கு 5,000 முழுக் குடிமக்களை அனுப்பிய நகரம், கி.மு. 371இல் லியூக்ட்ராவில் நிறுத்த முடிந்தது 700 பேரை. தீப்ஸ் நகரின் எபமினோண்டாஸ் தம் இடப்பக்க அணியை ஐம்பது ஆள் ஆழத்துக்குத் திரட்டி, ஸ்பார்ட்டா அரசர் நின்ற பக்கத்தின்மீதே மோதினார். அரசரோடு குடிமக்கள் ஏறத்தாழ 400 பேர் வீழ்ந்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எபமினோண்டாஸ் மெஸ்ஸீனியாவுக்குள் நுழைந்து ஹெலட்டுகளை விடுவித்து மெஸ்ஸீனி என்னும் நகரத்தையே கட்டிக்கொடுத்தார். ஸ்பார்ட்டா பிறகு பழைய நிலைக்கு எழவே இல்லை.

கேள்வி: பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லாத ஆட்சியை மக்களாட்சி என்று சொல்வது தகுமா?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள கண்டனம் நியாயமானது. ஏதென்ஸ் பெண்ணுக்கு மன்றத்தில் இடமில்லை, கி.மு. 451–450இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி தாயும் தந்தையும் ஏதென்ஸ் மரபினராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை என்று ஆனபோதும், அந்தத் தாய்க்கு வாக்கு வரவில்லை. பொதுவாழ்வில் பெண்கள் தலைமை தாங்கியது வழிபாட்டில்தான். நகரத் தெய்வமான அதீனாவின் தலைமைப் பூசகர் ஒரு பெண். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு டிராக்மா வரி கட்டினார்கள், படையிலும் நின்றார்கள், ஆயினும் நிலம் வாங்கும் உரிமை அவர்களுக்குப் பொதுவாக இல்லை.

அடிமைகளின் நிலை இன்னும் கொடியது. சலாமிஸில் வென்ற கப்பல்களைக் கட்டிய வெள்ளியை லாவ்ரியோனின் குறுகிய சுரங்கங்களில் தவழ்ந்து வெட்டியெடுத்தவர்கள் அடிமைகளே. பிற்காலத்தில் ஸ்பார்ட்டாப் படை ஏதென்ஸின் நிலப்பகுதியிலுள்ள டெக்கிலேயாவில் கோட்டை அமைத்தபோது, ஏதென்ஸிலிருந்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினார்கள். அர்கினூசேப் போருக்கு ஆள் போதாமல் அடிமைகளையும் துடுப்பில் அமர்த்தியபோது, அப்படிப் போரிட்டவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் தந்தார்கள். நகரத்துக்காகக் களம் புகுந்தவருக்கு உரிமை உண்டு என்ற கொள்கையை அங்கே ஒருமுறை முழுதாக ஏற்றார்கள். ஏற்பதற்குத் தோல்வியின் விளிம்புக்கு வர வேண்டியிருந்தது.

கேள்வி: ஆயிரக்கணக்கானோர் கூடிய மன்றம் அவசரத்தில் தவறான முடிவெடுத்தால் அதைத் திருத்த வழி இருந்ததா?

பதில்: கி.மு. 427இல் நடந்ததைச் சொல்கிறேன். லெஸ்போஸ் தீவின் மித்திலீனி நகரம், ஏதென்ஸின் கூட்டணியிலிருந்து விலகிக் கிளர்ச்சி செய்து தோற்றது. அந்நகரத்து ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று ஏதென்ஸ் மன்றம் சினத்தில் தீர்மானித்து, ஆணையோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. இரவு கடந்தது. குற்றவாளிகளை மட்டுமல்லாமல் ஒரு நகரத்தையே அழிப்பதா என்ற உறுத்தலில் மறுநாளே மன்றம் மீண்டும் கூடியது. முடிவை மாற்றக் கூடாது என்று அரசியல் தலைவர் கிளியோன் வாதிட்டார். டையோடோட்டஸ் என்பவர் இரக்கத்தைப் பற்றிப் பேசாமல், சரணடைந்தாலும் சாவுதான் என்று தெரிந்தால் இனி எந்த நகரம் சரணடையும் என்று கேட்டார். கைகள் ஏறத்தாழச் சமமாக எழுந்தன. டையோடோட்டஸ் பக்கம் சற்று மிகுந்திருந்தது.

இரண்டாவது கப்பல் புறப்பட்டபோது முதல் கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முன்னே போய்விட்டிருந்தது. துடுப்பு வலித்தவர்கள் பார்லி மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்தபடியே உண்டார்கள், முறைவைத்து உறங்கினார்கள். கொடிய செய்தியைச் சுமந்த முதல் கப்பலோ விரும்பாத பயணமாக மெதுவாகவே சென்றிருந்தது. படைத்தலைவர் ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்ற முனைந்த வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் தப்பியது. ஆனால் கிளர்ச்சிக்கு முதன்மையானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர், கிளியோனின் தீர்மானப்படி கொல்லப்பட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனவே வழி இருந்தது. அதைத் தேடும் மனம் எப்போதும் இருக்கவில்லை. கி.மு. 416இல், யார் பக்கமும் சேராமல் இருக்க விரும்பிய மெலோஸ் தீவை முற்றுகையிட்டு வென்ற ஏதென்ஸ், ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்று, அங்கே தன் குடியேறிகள் 500 பேரை அனுப்பியது. இம்முறை பின்னால் ஒரு கப்பலும் விரையவில்லை. பதினோராண்டு கழித்து, ஏகோஸ்பொட்டாமியில் தம் கப்பற்படை ஏறத்தாழ முழுவதும் ஸ்பார்ட்டாவிடம் பறிபோன செய்தி ஓர் இரவில் துறைமுகத்தை எட்டி, அழுகுரல், துறைமுகத்தையும் நகரத்தையும் இணைத்த நெடுஞ்சுவர்களின் வழியே நகரத்துக்குள் பரவியபோது, அன்றிரவு ஏதென்ஸில் ஒருவரும் உறங்கவில்லை என்று வரலாற்றாசிரியர் செனபோன் எழுதுகிறார். இறந்தவர்களுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. மெலோஸ் மக்களுக்குத் தாங்கள் செய்தது தங்களுக்கும் நேரும் என்று எண்ணி அழுதார்கள்.